செல்லாத நோட்டு யார் கடன்?

கிருஷ்ணகிரியில் கிரானைட் தொழில் ஓங்கி நின்ற காலத்தில் என் பெரியப்பா ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்த்தார். அவர்கள் வெட்டி மெருகேற்றிய கல்லை வாங்கியவர்கள் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இருந்தார்கள். முதலாளிக்குத் துணையாக இரண்டு முறை வெரோனா கல் கண்காட்சிக்கும், ஒரு முறை நூரம்பர்க் கண்காட்சிக்கும் பெரியப்பா போய்வந்தார். அவர் காலமாகி ஒரு வருடம் ஆன பிறகு, பீரோவில் நிலப் பத்திரங்களுக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பெரியம்மா என்னிடம் கொடுத்தார். "இதெல்லாம் செல்லுமா என்று விசாரி. செல்லாது என்றால் பேரன் வைத்து விளையாடட்டும்" என்றார்.

உறைக்குள் ஐந்து விதமான தாள்கள் இருந்தன. பியானோக் கலைஞர் கிளாரா ஷூமனின் முகம் போட்ட 100 ஜெர்மன் மார்க் ஒன்று. ஓவியர் கரவாஜியோவின் முகம் போட்ட ஒரு லட்சம் இத்தாலிய லிரா ஒன்று. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் இருக்கும் 20 பவுண்டு காகித நோட்டு இரண்டு. மருமகன் லண்டனில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது பெரியப்பாவின் மகள் கொண்டுவந்தவை அவை. சின்னத் தலை போட்ட பழைய 100 அமெரிக்க டாலர் ஒன்று. கடைசியாக, பெரியம்மாவின் தகப்பனார் மலாயாவிலிருந்து கொண்டுவந்த, வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டு.

உள்ளூரில் ஒரு வங்கிக் கிளையில் காட்டினேன். அதிகாரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, டாலர் தவிர மற்றதெல்லாம் செல்லாது, அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள் என்று சிரித்தார். டாலரையும் தன் கிளையில் வாங்குவதில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 'செல்லாது' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல சங்கதிகள் அடைந்து கிடக்கின்றன. கடையில் வாங்கமாட்டார்கள் என்பது ஒன்று. நம் ஊர் வங்கியோ நாணயமாற்றுக் கடையோ எடுத்துக்கொள்ளாது என்பது இன்னொன்று. அச்சடித்து வெளியிட்டவரே கைவிரித்துவிட்டார் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் நேர்ந்தாலும் நோட்டுக்கு உயிர் இருக்கும். மூன்றாவது நேர்ந்தால்தான் அது வெறும் தாள்.

காரணம் எளிது. பணத்தாள் என்பது கடன் சீட்டு. நம் ரூபாய் நோட்டிலேயே, கொண்டுவருபவருக்கு இத்தனை ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெளியிட்ட மத்திய வங்கியின் கணக்குப் புத்தகத்தில் அந்த நோட்டு கொடுக்க வேண்டிய கடனாகவே எழுதப்பட்டிருக்கும். புழக்கத்திலிருந்து நோட்டை எடுப்பது என்றால், இனிக் கடைக்காரர் இதை வாங்கியே தீர வேண்டும் என்ற சட்டக் கட்டாயத்தை நீக்குவது. கடனைத் தள்ளுபடி செய்வது அதிலிருந்து வேறான முடிவு. சில நாடுகள் அந்த இரண்டாவது முடிவை எடுக்கவே இல்லை. சில நாடுகள் தவணை வைத்தன, அதாவது மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் குறித்தன. ஒரு நாடு தான் வைத்த தவணையைத் தானே முறித்தது.

அந்த நாட்டின் நோட்டு பெரியப்பாவின் உறையில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே தவணையே வைக்காத நாட்டின் நோட்டும் இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

யூரோ நாணயம் 2002 ஜனவரி 1 அன்று கைக்கு வந்தபோது, சேர்ந்த நாடுகளின் பழைய பணங்களுக்கு மாறாத விகிதம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க். ஒரு யூரோவுக்கு 1,936.27 லிரா. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: கிளாரா ஷூமனின் 100 மார்க்குக்கு 51.13 யூரோ. கரவாஜியோவின் ஒரு லட்சம் லிராவுக்கு 51.65 யூரோ. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. சொல்லப்போனால் இத்தாலிய நோட்டு அரை யூரோ கூடுதல். இன்றைக்கு மார்க்கின் மதிப்பு அதே 51.13. லிராவின் மதிப்பு பூஜ்யம்.

ஜெர்மனியின் மத்திய வங்கியான புண்டஸ்பாங்க், மார்க் நோட்டையும் காசையும் காலவரம்பின்றி, தொகை வரம்பின்றி மாற்றித் தருகிறது. 1948இல் மார்க் பிறந்தபோது வெளிவந்த முதல் நோட்டுகளையும் அது ஏற்கிறது. அதன் கிளைக்கு நேரில் போகலாம். மைன்ஸ் நகரக் கிளைக்கு அஞ்சலில் அனுப்பவும் ஏற்பாடு உண்டு. கட்டணம் இல்லை. யூரோ வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் 1,200 கோடி மார்க்குக்கு மேல் இன்னும் திரும்பி வரவில்லை. பாட்டிமார் மெத்தைக்கடியில் வைத்தது, கோட்டுப் பையில் மறந்தது, உலகெங்கும் போனவர்கள் நினைவுக்கு எடுத்துச்சென்றது என்று எல்லாம் அதில் அடக்கம். நம் பெரியப்பாவின் நூறும் அந்த 1,200 கோடியில் ஒரு துளி. ஒரு குறையைச் சொல்ல வேண்டும். விகிதம் மாறாது என்பதால் ஏற்றமும் கிடையாது. பீரோவில் இருந்த இருபத்தைந்து வருடத்துக்கு வட்டியும் கிடையாது. அன்றைக்கு 51 யூரோவுக்கு வாங்க முடிந்தது இன்றைக்கு அந்தப் பணத்துக்குக் கிடைக்காது.

இத்தாலியின் கதை வேறு. லிராவை மாற்றப் பத்து ஆண்டு அவகாசம் தந்தார்கள்: 2012 பிப்ரவரி 28 வரை. ஆனால் 2011 டிசம்பரில் அந்த நாடு கடன் நெருக்கடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற மாரியோ மோன்டி அரசு டிசம்பர் 6 அன்று அவசர ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. அதில் ஒரு பிரிவு: லிரா மாற்றும் காலம் இன்றோடு முடிந்தது, திரும்பி வராத லிராவுக்கு ஈடான தொகை அரசு கஜானாவுக்குச் சேரும். அந்தத் தொகை நூறு கோடி யூரோவுக்கும் மேல். இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே என்று நினைத்திருந்தவர்கள் மறுநாள் வங்கிக்குப் போய் ஏமாந்து திரும்பினார்கள். சிலர் விடவில்லை. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2015இல் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. (செல்லாத நோட்டைப் பற்றிய சட்டமே செல்லாமல் போனது.) ஆனாலும் பலன் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்: அந்த மூன்று மாத இடைவெளிக்குள் மாற்றக் கேட்டதற்கு எழுத்துச் சான்று வைத்திருந்தவர்களுக்கு மட்டும் பணம் தந்தார்கள். கிருஷ்ணகிரியில் பீரோவுக்குள் இருந்த கரவாஜியோவுக்கு அப்படிச் சான்று ஏது?

திரும்பி வராத நோட்டின் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி எனக்குச் சுவையாகப்படுகிறது. ஒரு நோட்டு தொலைந்தால், கிழிந்தால், எரிந்தால், வெளியிட்டவருக்கு ஒரு கடன் குறைகிறது. தவணை வைக்கிற நாட்டில், தவணை முடிந்த நாளில் அந்தக் கடன் மொத்தமும் லாபமாக மாறுகிறது. மத்திய வங்கிகள் தவணை வைப்பதற்கு, பழைய நோட்டில் கள்ளநோட்டு கலப்பது எளிது, அதை அடையாளம் காண ஊழியருக்குத் தொடர்ந்து பயிற்சி தர வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் கஜானாவுக்கு வருகிற தொகையையும் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சுவிட்சர்லாந்து இதைக் கொஞ்சம் கௌரவமாகச் செய்தது. அங்கே தவணை இருபது ஆண்டு. முடிந்த பிறகு அந்தப் பணம் இயற்கைச் சீற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி நிதிக்குப் போகும். பிறகு அந்த நாடு மனம் மாறியது. 2000 மே மாதம் திரும்பப் பெறப்பட்ட ஆறாவது வரிசை நோட்டுகளுக்கு 2020 ஏப்ரல் இறுதியில் தவணை முடிய வேண்டியிருந்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு, 2020 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, 1976 முதல் வந்த நோட்டுகளுக்குத் தவணையே இல்லை என்று ஆக்கிவிட்டது. சாகக் கிடந்த நோட்டுகள் எழுந்து உட்கார்ந்தன.

யூரோ நாடுகளில் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரியா, அயர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க் ஆகியவை பழைய நோட்டுகளுக்குக் காலவரம்பு வைக்கவில்லை. நெதர்லாந்து கில்டர் நோட்டுக்கு 2032 ஜனவரி 1 வரை நேரம் உண்டு. பிரான்ஸின் பிராங்கும் கிரேக்கத்தின் டிராக்மாவும் 2012இலேயே முடிந்துபோயின. ஸ்பெயினின் பெசெட்டா 2021 ஜூன் 30 வரை தாக்குப்பிடித்தது. போர்ச்சுகலின் எஸ்குடோ நோட்டுகளுக்கு 2022 பிப்ரவரி கடைசி நாள். ஓசூர் ரோஜாவை ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஆரம்ப காலத்துக்காரர்கள், மாங்கூழ் ஏற்றுமதி செய்தவர்கள் வீடுகளில் இந்த நோட்டுகள் ஏதாவது கிடந்தால், தேதியைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம்.

பவுண்டுக்கு வருவோம். பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி காகித நோட்டை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் நோட்டுக்கு மாற்றியது. 5 பவுண்டு காகித நோட்டு 2017 மே 5 அன்றும், 10 பவுண்டு 2018 மார்ச் 1 அன்றும், ஆடம் ஸ்மித் இருந்த 20 பவுண்டும், நீராவி எந்திரம் செய்த போல்ட்டன், வாட் இருவரும் இருந்த 50 பவுண்டும் 2022 செப்டம்பர் 30 அன்றும் சட்டத் தகுதியை இழந்தன. அதாவது லண்டன் தேநீர்க் கடையில் இன்றைக்கு ஆடம் ஸ்மித்தை நீட்டினால் வாங்கமாட்டார்கள். ஆனால் திரெட்நீடில் தெருவில் இருக்கும் வங்கியின் கவுன்டருக்குப் போனால் முழு மதிப்பும் கிடைக்கும். என்றைக்குப் போனாலும் கிடைக்கும். தான் வெளியிட்ட எந்த நோட்டையும் எத்தனை காலமானாலும் மாற்றித் தருவதாக அந்த வங்கி சொல்கிறது. 1988இல் புழக்கத்திலிருந்து நீங்கிய ஒரு பவுண்டு நோட்டுக்கும் அந்த வாக்கு பொருந்தும். படிவம் நிரப்பி, அடையாளச் சான்றோடு அஞ்சலிலும் அனுப்பலாம். வழியில் தொலைந்தால் அனுப்பியவர் பாடு. ஆகப் பெரியம்மாவின் உறையில் இருந்த இரண்டு ஆடம் ஸ்மித்துகள் நாற்பது பவுண்டு, நாலாயிரம் ரூபாய்க்கு மேல்.

டாலர் இதற்கு நேர் எதிர். அமெரிக்கா 1861க்குப் பிறகு அச்சடித்த எந்த நோட்டையும் செல்லாது என்று அறிவித்ததில்லை. சட்டப்படி பெரியப்பாவின் சின்னத் தலை நோட்டு நேற்று அச்சடித்த நோட்டுக்குச் சமம். ஆனால் ஓசூரில் ஒரு நாணயமாற்றுக் கடையில் நீட்டியபோது, கடைக்காரர் அதை விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, அன்றைய விலையிலிருந்து கணிசமாகக் குறைத்துத்தான் எடுப்பேன் என்றார். 1996இல் பெரிய தலை வந்தபோது பாதுகாப்பு அம்சங்கள் கூடின. அதற்கு முந்தியதில் கள்ளநோட்டுப் பயம் அதிகம். தான் விற்கப்போகிற மொத்த வியாபாரியும் அதை முகம் சுளித்துத்தான் வாங்குவார் என்பது அவர் நியாயம். சட்டப்படி செல்லாத பவுண்டுக்கு லண்டனில் முழு விலை. சட்டப்படி செல்லும் டாலருக்கு ஓசூரில் குறை விலை.

இப்படிக் குறைப்பதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: வட்டம். காசு மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் கழிவுக்கு அந்தப் பெயர். இந்த வட்டாரத்துக்கு அது புதிதே அல்ல. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் என்ற இந்தப் பகுதி கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்கு வந்து, அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நிலவரி வசூலித்த காலத்தில், இங்கே புழங்கியது ஒரே பணமல்ல. மைசூர்ப் பக்கத்துக் கண்டிராயப் பணம், சென்னையின் நட்சத்திர வராகன், சுல்தான் வராகன் என்று சந்தைக்குச் சந்தை வேறுபட்டது. எந்தக் காசு எந்த ஊரில் என்ன விலை என்று சொல்கிற அதிகாரம் காசு மாற்றித் தரும் சராப்பு கையில் இருந்தது. நோட்டம் பார்த்து, உரசி, எடை போட்டு, வட்டம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். 1818இல் சென்னை மாகாணம் வராகனை விட்டு ரூபாய்க்கு மாறியது. மூன்றரை ரூபாய் ஒரு நட்சத்திர வராகன். ஆனால் அந்தக் காலத்துக் காசில் பொன்னோ வெள்ளியோ இருந்தது. வெளியிட்ட அரசன் தோற்றாலும் உலோகம் தோற்கவில்லை, சராப்பு உருக்கிக்கொள்வார். தாளில் வாக்கைத் தவிர உருக்குவதற்கு ஒன்றுமில்லை.

வாக்குக் கொடுத்தவரே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வாழைமர நோட்டு சாட்சி. 1942இல் மலாயாவைப் பிடித்த ஜப்பானிய ராணுவம் தன் இஷ்டத்துக்கு அச்சடித்த டாலர் அது. பத்து டாலர் நோட்டில் குலை தள்ளிய வாழை இருந்ததால் 'வாழைமரக் காசு' என்றே பெயர் நிலைத்தது. போகப்போக வரிசை எண் கூடப் போடாமல் அடித்துத் தள்ளினார்கள். 1945இல் பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் அது ஒரே நாளில் குப்பையானது. ரப்பர் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த கூலி, கறுப்புச் சந்தையில் சேர்த்த லாபம் எல்லாம் ஒரே விலைக்கு வந்தன. பெரியம்மாவின் தகப்பனார் அந்த ஒரு தாளை மட்டும் எதற்காகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார் என்று கேட்க ஆள் இல்லை.

நம் மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போய்வந்த குடும்பங்களிலும் இப்படித் தாள்கள் உண்டு. குவைத்தை 1990 ஆகஸ்டில் இராக் பிடித்தபோது மத்திய வங்கியில் இருந்த நோட்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மறு ஆண்டு விடுதலை கிடைத்ததும் குவைத் புது வரிசை நோட்டை இறக்கி, பழையதைச் செல்லாததாக்கியது. திருட்டு நோட்டு பயனற்றுப் போக அதுதான் வழி. அதே நாட்டின் ஐந்தாம் வரிசை நோட்டை மத்திய வங்கியில் மாற்ற இருந்த கடைசி நாளும் 2025 ஏப்ரல் 18இல் முடிந்துவிட்டது. சதாம் உசேன் முகம் போட்ட இராக் நோட்டை மாற்ற 2003 அக்டோபர் 15 முதல் 2004 ஜனவரி 15 வரை மூன்றே மாதம் தந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் கவலை குறைவு: 1967 முதல் அந்த நாடு வெளியிட்ட நோட்டுகள் இன்றும் செல்லும், 10,000 டாலர் நோட்டைப் புதிதாக வெளியிடுவதை 2014இல் நிறுத்தினாலும், இருப்பது செல்லும். மலேசியாவின் 500, 1,000 ரிங்கிட் நோட்டுகளோ 1999 ஜூலை 1 முதல் செல்லாதவை.

வெளிநாட்டைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு நம்மைப் பார்க்காமல் விடக் கூடாது. 2016 நவம்பர் 8 இரவில் செல்லாததாக்கப்பட்ட 500, 1,000 ரூபாய் நோட்டுகளுக்கு உள்நாட்டில் டிசம்பர் 30 வரையும், அப்போது வெளிநாட்டில் இருந்த வெளிநாட்டுவாழ் இந்தியருக்கு 2017 ஜூன் 30 வரையும் அவகாசம் தந்தார்கள். 2017இல் வந்த சட்டம் அந்த நோட்டுகள் மீதான ரிசர்வ் வங்கியின் கடனையும் மத்திய அரசின் உத்தரவாதத்தையும் முடித்துவைத்தது. அதோடு நிற்காமல், பத்துக்கு மேற்பட்ட நோட்டுகளை வைத்திருப்பதே குற்றம் என்றது. ஆராய்ச்சிக்கும் சேகரிப்புக்கும் இருபத்தைந்து வரை விலக்கு. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது அபராதம். இத்தாலிகூட லிராவை வைத்திருப்பவரைத் தண்டிக்கவில்லை. 2,000 ரூபாய் நோட்டில் நாம் ஜெர்மனி பக்கம் சாய்ந்தோம். 2023 மே 19 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தாலும் அது சட்டப்படி செல்லும் நோட்டாகவே இருக்கிறது. வங்கிகளில் மாற்றும் காலம் அதே ஆண்டு அக்டோபர் 7இல் முடிந்தது. பிறகு ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் மாற்றவும், அஞ்சலில் அனுப்பிக் கணக்கில் வரவு வைக்கவும் வழி செய்தார்கள். கிருஷ்ணகிரிக்காரருக்கு அதில் அருகில் இருப்பது பெங்களூரு, அடுத்து சென்னை.

சரி, கிளாரா ஷூமனையும் ஆடம் ஸ்மித்தையும் கிருஷ்ணகிரியிலிருந்து எப்படிக் கரையேற்றுவது? உள்ளூர் வங்கியும் நாணயமாற்றுக் கடையும் ஏன் எடுப்பதில்லை என்பதில் விடை தொடங்குகிறது. அவர்கள் எந்த நாட்டு மத்திய வங்கிக்கும் முகவர்கள் அல்ல. வாங்கி விற்கும் வியாபாரிகள். இன்று வாங்கிய யூரோவை நாளை சுற்றுலா போகிறவருக்கு விற்க வேண்டும், அல்லது கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பெரிய வியாபாரிக்குத் தள்ள வேண்டும். காகிதப் பவுண்டை எந்தச் சுற்றுலாப் பயணி வாங்குவார்? ரிசர்வ் வங்கியிடம் கேட்டுப் பயனில்லை; அது தன் கடனுக்குத்தான் பொறுப்பு.

அஞ்சலில் அனுப்பலாமே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இங்கிலாந்து வங்கியும் புண்டஸ்பாங்கும் வாங்கத் தயார். சிக்கல் இந்தப் பக்கத்தில். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள்படி, ரிசர்வ் வங்கியின் பொது அனுமதியோ தனி அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டுப் பணத்தை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. புழக்கத்தில் இல்லாத நோட்டுக்கு இது பொருந்துமா என்று வாதாடலாம். தபால் உறையைப் பிரிக்கிற சுங்க ஊழியரிடம் அந்த வாதம் எடுபடும் என்று நான் நம்பவில்லை. ஐயாயிரம் ரூபாய்க்காக அந்த வம்பு தேவையா?

நேரில் கொண்டுபோவதற்குத் தடை இல்லை. வெளிநாட்டுப் பயணத்தில் செலவு போக மிஞ்சிய நோட்டை 2,000 டாலர் மதிப்பு வரை நாம் காலவரையின்றி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதை ஊர் திரும்பிய 180 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட நாணய வியாபாரியிடம் ஒப்படைக்க வேண்டும். காசுகளுக்கு உச்சவரம்பே கிடையாது. முறைப்படி வைத்திருக்கும் பணத்தைப் பயணத்தின்போது வெளியே எடுத்துச் செல்லவும் அனுமதி உண்டு. ஆக, நாட்டைவிட்டு யாராவது போக வேண்டும். ஓசூரிலும் பெங்களூரிலும் மென்பொருள், வாகனத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் மாதம் ஒருவராவது ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறார்கள். மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலோடு ஒரு கிளாரா ஷூமனையும் பெட்டியில் வைப்பது பெரிய பாரமல்ல. இந்தத் தாளுக்காக மட்டும் டிக்கெட் எடுப்பவர் இருக்க முடியாது.

இன்னொரு வழி சேகரிப்பாளர்கள். ஆனால் லட்சக்கணக்கில் அச்சடித்த, மடிப்பு விழுந்த நோட்டுக்கு அவர்களிடம் மதிப்பு சொற்பம்தான். விதிவிலக்காக ஜிம்பாப்வேயின் நூறு டிரில்லியன் டாலர் நோட்டைச் சொல்லலாம். நம் கணக்கில் அது கோடி கோடி, அதாவது ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கியது. 2015இல் அந்த நாட்டு மத்திய வங்கி அதற்குத் தந்தது 40 அமெரிக்க சென்ட். சேகரிப்பாளர்கள் அதைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கி, ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்தார்கள்.

மாற்றித் தருகிறோம் என்று தேடி வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சங்கள் தருவதாக வரும் செய்தி நம் எல்லார் கைப்பேசிக்கும் வந்திருக்கும். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு ரிசர்வ் வங்கிச் சான்றிதழ்க் கட்டணம் என்று கறப்பார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே, பழைய நோட்டு, காசு விற்பனையில் தனக்குச் சம்பந்தமில்லை, கட்டணம் கேட்க யாரையும் நியமிக்கவில்லை என்று எச்சரிக்கை வெளியிட்டது. பழைய வெளிநாட்டு நோட்டுக்கும் இதே வலைதான் விரிக்கிறார்கள். இரிடியம் கலசம், மண்ணுளிப் பாம்பு வரிசையில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் மாற்றித் தருகிற மத்திய வங்கி யாரையும் தேடி வருவதில்லை, முன்பணமும் கேட்பதில்லை.

கடைசியில் நடந்தது இது. டாலரை ஓசூர்க் கடைக்காரரிடமே வட்டம் போகக் கொடுத்துவிட்டோம், ரசீது தந்தார். ஆடம் ஸ்மித்துகள் இரண்டும் லண்டன் போகிற ஆளுக்காகப் பீரோவிலேயே காத்திருக்கின்றன. அவற்றுக்கு அவசரம் இல்லை. கரவாஜியோவைப் பேரன் எடுத்துக்கொண்டான். வாழைமரத்தைப் பெரியம்மா தரவில்லை. தகப்பனார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். கிளாரா ஷூமன் மட்டும் பக்கத்துத் தெருப் பையனோடு ஸ்டட்கார்ட் போய், அங்கிருக்கும் புண்டஸ்பாங்க் கிளையில் கணக்குத் தீர்த்தார். அவன் ஒரு ஐம்பது யூரோ நோட்டும், ஒரு யூரோக் காசும், பதின்மூன்று சென்ட் சில்லறையும் கொண்டுவந்து பெரியம்மா கையில் கொடுத்தான். நோட்டை ஓசூரில் மாற்றிவிட்டோம். காசு நாங்கள் வாங்குவதில்லை என்று கடைக்காரர் சில்லறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இப்போது அதே பிளாஸ்டிக் உறையில், நிலப் பத்திரங்களுக்கு நடுவே இருக்கிறது.